ஆடு தின்னாத செடியைத் தேடி வரும் அழகி!

விராலிமலையில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி இலுப்பூர் சாலையைப் பிடித்தால், இருபுறமும் கண்ணில் படுபவை பெரும்பாலும் இவைதான்: செம்மண், மொட்டைப் பாறை, முள், இடையிடையே ஒரு கண்மாய், அதன் கரையில் நாலைந்து பனை. சித்திரை, வைகாசி வெயிலில் இந்த வழியாகப் போகிறவர்கள் அனல் தாங்காமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். “இங்க என்ன இருக்கு, வெறும் முள்ளுக்காடு” என்பதுதான் வழக்கமான பேச்சு.

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த பிறகு அதே முள்ளுக்காட்டுக்குள் காலை எட்டு மணி வாக்கில் நின்று பாருங்கள். உண்ணிச்செடிப் பூக்களின் மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டாம்பூச்சி வந்து இறங்கும். மை போன்ற கறுப்பு இறக்கை. முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை. பின் இறக்கையில் குங்குமப் பொட்டு வைத்ததுபோல வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். உடம்போ ரத்தச் சிவப்பு. தேன் குடிக்கும்போதுகூட இறக்கையை அடித்துக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் அமைதியாக உட்காராது.

இதன் பெயர் சிவப்புடல் அழகி. ஆங்கிலத்தில் கிரிம்சன் ரோஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் வெப்பமண்டலப் பட்டாம்பூச்சி. இலுப்பூர் வட்டாரத்தின் காடு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இந்த அழகியைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

பெயரில் மரம் உள்ள ஊர்கள்

இலுப்பூர், புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள வட்டத் தலைநகரம். ஊர்ப் பெயரிலேயே இலுப்பை மரம் நிற்கிறது. ஒரு காலத்தில் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்த மரம் அது. பக்கத்து ஊர்ப் பெயர்களையும் கவனியுங்கள். விராலிமலையின் ‘விராலி’ என்பதும் ஒரு புதர்ச்செடியின் பெயர்தான். சித்தன்னவாசல் குன்றில் இருக்கும் சுனைக்கு நாவச்சுனை என்று பெயர். அது நாவல் மரத்தால் வந்தது. கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில், பிரமாண்டமான குதிரைச் சிலைக்குப் பெயர்பெற்ற அய்யனாரை ‘பெருங்காரையடி மீண்ட அய்யனார்’ என்கிறார்கள். காரை என்பது முள்ளோடு வளரும் ஒரு காட்டுமரம்.

இலுப்பை, விராலி, நாவல், காரை என்று இந்தச் சீமையின் பெயர்களைச் சேர்த்துப் படித்தாலே ஒரு காட்டின் பட்டியல் கிடைத்துவிடுகிறது. ‘முள்ளுக்காடு’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடாத காடு அது.

இலுப்பூரிலிருந்து கிழக்கே போனால் நார்த்தாமலை. மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று சிறு குன்றுகள் ஒன்றை ஒட்டி ஒன்று நிற்கின்றன. மேலமலையின் சரிவில் 9-ஆம் நூற்றாண்டின் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிறது. கோயிலைப் பார்க்க ஏறுகிறவர்களின் கண் கல்லிலேயே நின்றுவிடுகிறது. பாறை இடுக்குகளிலும் அடிவாரத்திலும் வளர்ந்திருக்கும் வீரை, உலக்கைப்பாலை, காசா, காட்டு எலுமிச்சை, ஆதொண்டை, சூரை ஆகியவற்றை யாரும் நின்று பார்ப்பதில்லை. பழைய காட்டின் மிச்சம் அவற்றில்தான் இருக்கிறது.

காய்ந்த மண்ணில் பசுமை மாறாத காடு

‘பசுமைமாறாக் காடு’ என்றதும் வால்பாறையும் களக்காடும் நினைவுக்கு வரும். நாள் தவறாமல் மழை, பாசி படிந்த அடிமரம், அட்டைப்பூச்சி. ஆனால் சோழமண்டலக் கரையிலும் அதை ஒட்டிய உள்நாட்டிலும் இன்னொரு வகைக் காடு உண்டு. வருடத்தில் பல மாதங்கள் மழையே இல்லாமல், வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களை நம்பி, இலையை முழுவதும் உதிர்க்காமல் பச்சையாகவே நிற்கும் காடு. 1968-ல் இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியன், சேத் இருவரும் இதற்குத் தனி இடம் கொடுத்தார்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். இலங்கையின் உலர் வலயத்திலும் இதன் உறவுக் காடுகள் உண்டு.

இந்தக் காட்டு மரங்கள் வானளாவ வளர்வதில்லை. சற்றே உயர்ந்த வீட்டு மாடி அளவுக்கு நின்றுவிடும். இலைகள் சின்னதாக, தடிப்பாக, தோல்போல இருக்கும். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் ஏற்பாடு அது. மரங்களுக்கு நடுவே கொடிகள் பின்னிக் கிடக்கும்.

இலுப்பூர், நார்த்தாமலைப் பக்கம் இந்தக் காடு முழுமையாக இல்லை. முட்புதர்க்காட்டோடு கலந்து, குன்று நிழலிலும் கோயில் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் துண்டு துண்டாகத் தங்கியிருக்கிறது. புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்தபோது, தொண்டைமான் மன்னர்கள் வேட்டைக்கென்று காடுகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. அதன் பிறகு காட்டின் கதை வேறு திசையில் போனது. அதற்குப் பிறகு வருவோம். முதலில் அழகியின் கதை.

மார்பில் காயம்பட்ட வீரன்

1758-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் இந்தப் பட்டாம்பூச்சிக்கு அறிவியல் பெயர் வைத்தார். பெரிய இறக்கை கொண்ட அழகிகளை எல்லாம் அவர் கிரேக்கப் புராணப் போர்வீரர்களாகக் கற்பனை செய்துகொண்டார். மார்பில் ரத்தச் சிவப்புப் புள்ளி உள்ளவை தோற்றுப்போன ட்ராய் நகரத்து வீரர்கள். மற்றவை வென்ற கிரேக்க வீரர்கள். உடம்பெல்லாம் சிவந்திருந்த இந்தப் பூச்சிக்கு, ட்ராய் படையின் மாவீரனான ஹெக்டரின் பெயர் போனது. இன்றைக்கும் அறிவியல் பெயர் பேக்கிலியாப்டா ஹெக்டர்தான்.

பெயர் வீரனுடையதாக இருந்தாலும் இது சண்டை போடும் பூச்சி அல்ல. இறக்கையை விரித்தால் 9 முதல் 11 சென்டிமீட்டர். பறப்பதும் அவசரமில்லாமல், ஆடி அசைந்துதான். ஓணானும் கரிச்சான்குருவியும் பஞ்சுருட்டானும் நிறைந்த காட்டில் இவ்வளவு பளிச்சென்ற நிறத்தோடு நிதானமாகப் பறக்க எப்படித் துணிச்சல் வருகிறது?

அது இளம் வயதில் தின்ற இலையில் இருந்து வருகிறது.

விஷம்தான் கவசம்

இலுப்பூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்கு ஆடுதின்னாப்பாளையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தரையோடு படர்ந்து, சாம்பல் பூத்த பச்சையில் இதயவடிவ இலையோடு கிடக்கும் சின்னச் செடி. கையில் கிடைத்ததை எல்லாம் மேயும் வெள்ளாடுகூட இதை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். பெயரே அதற்குச் சாட்சி. இதன் உறவுக்காரக் கொடி ஈஸ்வரமூலி. பெருமருந்துக்கொடி, கருடக்கொடி என்றும் சொல்வார்கள். இது வேலியிலும் புதரிலும் ஏறிப் படரும். காய் முற்றி வெடித்தால், சமையலறையில் தொங்கும் உறியைப் போலவே கொடியில் ஊசலாடும். உள்ளேயிருந்து மெல்லிய விதைகள் காற்றில் பறக்கும்.

இந்த இரண்டு செடிகளிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. தன்னைத் தின்ன வருபவர்களை விரட்ட, செடி தயாரித்து வைத்திருக்கும் ஆயுதம் அது. சிவப்புடல் அழகியோ இந்தச் செடிகளைத் தேடிப்பிடித்துத்தான் முட்டையிடுகிறது. முட்டை ஆரஞ்சு கலந்த சிவப்பு. பொரித்து வரும் புழுவுக்கு வேறு எந்த இலையும் சோறு கிடையாது. கறுஞ்சிவப்பு உடம்பில் ஆரஞ்சு நிறக் கொம்புகள் போன்ற முளைகளோடு, புழு இந்த இலையையே தின்று வளர்கிறது. நஞ்சு அதைக் கொல்வதில்லை. உடம்பில் சேர்ந்துகொள்கிறது.

புழுவைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் ஆரஞ்சு உறுப்பை நீட்டி நாற்றம் வீசும். பட்டாம்பூச்சியான பிறகும் நஞ்சு உடம்பிலேயே தங்கியிருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி, அடுத்த முறை அந்தச் சிவப்பைக் கண்டாலே விலகிப்போகும். சிவப்பு உடம்பு அலங்காரத்துக்கு அல்ல. ‘தொடாதே’ என்ற எச்சரிக்கைப் பலகை அது.

இங்கே மனிதர்களுக்கும் ஒரு வார்த்தை. ஈஸ்வரமூலிக்குப் பாம்புக்கடி மருந்து என்ற பெயர் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க இந்தக் குடும்பத்துச் செடி கலந்த மருந்தைச் சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாம்பு கடித்தால் போக வேண்டிய இடம் மருத்துவமனை மட்டுமே. இந்தக் கொடியைப் புழுவுக்கு விட்டுவிடுவது நமக்கும் நல்லது.

வேஷம் கட்டும் பக்கத்து வீட்டுக்காரி

நஞ்சு உள்ளவருக்குக் கிடைக்கும் மரியாதையைப் பார்த்து, நஞ்சே இல்லாத ஒருத்தி வேஷம் கட்டிக்கொண்டு திரிகிறாள். அவள் கறிவேப்பிலை அழகி. நம் வீட்டுக் கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப் புழுவாக இருந்து, இலையை மொட்டையடிப்பது இவளுடைய பிள்ளைகள்தான். காட்டில் இருந்தால் காட்டு எலுமிச்சை.

இந்த இனத்தில் ஆண் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு சாதாரணமாக இருக்கும். பெண்களில் மூன்று சாயல் உண்டு. ஒரு சாயல் ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று உரோசா அழகி என்ற நஞ்சுள்ள பட்டாம்பூச்சியைப் போல இருக்கும். மூன்றாவது, சிவப்புடல் அழகியை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கும். அதே வெள்ளைப் பட்டை, அதே சிவப்புப் பொட்டுகள்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இறக்கையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். உடம்பு சிவப்பாக இருந்தால் அசல். கறுப்பாக இருந்தால் வேஷம். விடுமுறையில் ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால், அரை நாள் அவர்கள் கையில் செல்போன் இருக்காது. இருந்தாலும் படம் பிடிக்கத்தான் இருக்கும்.

அமேசான் காடுகளில் சுற்றிய ஹென்றி வால்டர் பேட்ஸ், 1862-ல் இப்படிப்பட்ட வேஷத்தை முதலில் விளக்கினார். 1865-ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், கறிவேப்பிலை அழகியின் பெண்களைப் பற்றி எழுதினார். ஒரே தாயின் வயிற்றில் பிறந்த மகள்கள் எப்படி வேறு வேறு சாயலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் வர ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 2014-ல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு, ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுதான் இந்த வேஷத்தைத் தீர்மானிக்கிறது என்று காட்டியது. அந்த ஆய்வின் முதல் ஆசிரியர், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டே.

வேஷம் பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. அசல் ஆள் அந்த ஊரில் இருக்க வேண்டும். சிவப்பைக் கொத்தி வாய் கசந்த குருவி இருந்தால்தான், போலிச் சிவப்புக்கும் பாதுகாப்பு. ஆடுதின்னாப்பாளை இல்லாமல் போனால் சிவப்புடல் அழகி போய்விடும். அவள் போனால், கறிவேப்பிலைச் செடியில் பிறந்தவளின் வேஷத்துக்கும் மதிப்பு இருக்காது.

ஒரு கொடி போதாது

முட்டையிலிருந்து இறக்கை முளைக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதம் நல்லபடியாகக் கழிய, அழகிக்கு ஒரே இடத்தில் பல வசதிகள் வேண்டியிருக்கிறது.

முதலாவது, இலை. ஆடுதின்னாப்பாளை சின்னச் செடி என்பதால் வளர்ந்த புழு ஒன்றே முழுச் செடியையும் மொட்டையடித்துவிடும். பிறகு தரையில் ஊர்ந்து அடுத்த செடியைத் தேட வேண்டும். பக்கத்தில் இன்னொன்று இல்லாவிட்டால் பட்டினி. எனவே ஒரு செடி இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. பத்தடிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, பூ. இறக்கை முளைத்த பிறகு இலை வேண்டாம், தேன் வேண்டும். உண்ணிச்செடி, இட்லிப்பூ என்று கிடைக்கும் பூவில் எல்லாம் குடிக்கும். உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்த செடிதான். ஆனாலும் மழைக்குப் பிந்தைய காலையில் அழகிகளைப் பார்க்க எளிதான இடம் அதன் பூங்கொத்துதான்.

மூன்றாவது, படுக்க இடம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் சிவப்புடல் அழகிகள் பல ஒன்றாகக் கூடும். இலை உதிர்ந்த குச்சிகளிலும் முள் கிளைகளிலும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தொங்கி இரவைக் கழிக்கும். ‘காய்ந்த குச்சிதானே’ என்று நாம் வெட்டி அடுப்புக்குக் கொண்டுபோவது சில சமயம் அவற்றின் படுக்கையறையாக இருக்கும்.

நான்காவது, வழி. இது ஊர்விட்டு ஊர் போகும் பட்டாம்பூச்சி. ராமேஸ்வரம் பகுதியிலிருந்து கடல் தாண்டி இலங்கைப் பக்கம் கூட்டமாகப் பறந்ததைப் பூச்சியியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் பறந்தாலும், முட்டையிடவும் தேன் குடிக்கவும் இரவு தங்கவும் வழியெல்லாம் இறங்க இடம் வேண்டும். குன்றிலிருந்து கோயில் காட்டுக்கு, கோயில் காட்டிலிருந்து கண்மாய்க் கரைக்கு, அங்கிருந்து வேலிக்கு என்று தொடர்ச்சி இருந்தால்தான் ஓர் ஊர் இதற்கு வீடாகும்.

வேலி போனால் கொடி போகும்

இந்தத் தொடர்ச்சிதான் இப்போது அறுந்துகொண்டிருக்கிறது.

முன்பு கொல்லைக்கும் தோட்டத்துக்கும் உயிர்வேலி இருந்தது. கிளுவைக் குச்சியை ஊன்றினால் அதுவே துளிர்த்துவிடும். கள்ளியும் சேர்ந்து அடர்ந்துவிட்டால் மாடு நுழையாது. அந்த வேலியில் ஈஸ்வரமூலி, கோவை, பிரண்டை எல்லாம் ஏறிக்கிடக்கும். இன்று கல்தூண் ஊன்றி முள்கம்பி இழுத்துவிடுகிறார்கள். அளவு சுத்தமாக இருக்கிறது, அண்டை வீட்டாரோடு வழக்கும் இல்லை. கம்பியில் கொடி ஏறினாலும் மருந்து தெளித்துக் கருக்கிவிடுகிறார்கள்.

காட்டு நிலத்தில் வேறு கதை. தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974-ல் தொடங்கப்பட்டது. காகித ஆலைகளுக்கான மரத்தேவையை ஒட்டி, புதுக்கோட்டை மாவட்டத்துக் காட்டு நிலங்களில் கணிசமான பகுதி தைலமரத் தோட்டங்களாக மாறியது. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, கண்மாய்க்கு வரும் மழைநீரைத் தடுக்கிறது என்று மாவட்டத்து விவசாயிகள் தைலமரத்துக்கு எதிராகப் பல காலமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். பட்டாம்பூச்சியின் கணக்கு இன்னும் எளிது. எட்டிய தூரம்வரை பச்சையாக நிற்கும் அந்தத் தோப்பில், சிவப்புடல் அழகியின் புழுவுக்கு ஒருவேளைச் சோறு கிடையாது.

மூன்றாவது சிக்கல், நல்ல எண்ணத்தோடு நடக்கும் வேலையிலிருந்தே வருகிறது. சீமைக்கருவேலம் தமிழகத்தின் கண்மாய்களைப் பிடித்த நோய் என்பதில் இரண்டு கருத்து இல்லை. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது, மாவட்டம் மாவட்டமாகப் பொக்லைன்கள் இறங்கின. ஆனால் இயந்திரத்தின் கொத்துக்குச் சீமைக்கருவேலமும் சூரையும் காரையும் ஒன்றுதான். எல்லாம் முள். அவற்றோடு பின்னிக்கிடக்கும் கொடியும், அடியில் படர்ந்திருக்கும் ஆடுதின்னாப்பாளையும் சேர்ந்தே போய்விடும். எது நம்முடைய முள், எது வந்தேறி முள் என்று தெரிந்த ஒருவர் முன்னால் நடந்து அடையாளம் காட்டினால் தீரக்கூடிய சிக்கல் இது.

இதோடு கல்குவாரி. குன்றைக் கல்லாகப் பார்த்தால் ஜல்லி, எம்-சாண்ட், கிரானைட். ஆனால் குன்றின் நிழலில்தான் ஈரம் தங்குகிறது. ஈரம் தங்கும் இடத்தில்தான் பழைய காடு தங்குகிறது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிவப்புடல் அழகி நாளையே உலகிலிருந்து அழிந்துவிடப் போவதில்லை. இந்தியாவின் பல பகுதிகளிலும் இலங்கையிலும் பரவலாக இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்ட பட்டாம்பூச்சிகளில் இதுவும் ஒன்று. பிடித்து ஊசி குத்தி விற்பதைச் சட்டம் தடுக்கும். வேலியோரத்துக் கொடியைப் பிடுங்குவதை எந்தச் சட்டமும் தடுக்காது. இதனால் நடப்பது ஓர் இனத்தின் அழிவல்ல; ஓர் ஊரிலிருந்து சத்தமில்லாமல் அது காணாமல் போவது. ‘சின்ன வயசுல நிறையப் பார்த்திருக்கோம்’ என்று சொல்லும் தலைமுறை போய், பார்த்தே இராத தலைமுறை வந்துவிடும்.

சாமிக்குப் பயந்து பிழைத்த காடு

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. அது பெரும்பாலும் அய்யனார் காலடியில் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் காடுகள் அதிகம். அய்யனார், கருப்பர், காளி குடியிருக்கும் காட்டில் ‘ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது’ என்பது ஊர்க் கட்டுப்பாடு. விறகு பொறுக்கினால் சாமி கேட்கும் என்ற பயம், வனத்துறை வருவதற்கு முன்பே காட்டைக் காத்தது. மண்குதிரைகள் வரிசையாக நிற்கும் அந்த நிழலில் வீரையும் உலக்கைப்பாலையும் இன்னும் விதை போடுகின்றன. இப்போது சில இடங்களில் சாமிக்குச் சிமென்ட் மண்டபமும் டைல்ஸ் தரையும் போட்டு, ‘இடைஞ்சலாக’ இருக்கும் புதரை வெட்டிவிடுகிறார்கள். பக்தி கூடியதால்தான் இது நடக்கிறது. அந்தப் பக்தியில் காட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் போதும்.

அரசின் பார்வையும் மெல்ல மாறுகிறது. 2019-ல் தமிழ்நாடு தனக்கென ஒரு மாநிலப் பட்டாம்பூச்சியை அறிவித்தது. அது தமிழ் மறவன். மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்காரன், இலுப்பூரின் வெயிலுக்கு வரமாட்டான். ஆனால் ஒரு பட்டாம்பூச்சிக்காகக் காட்டைப் பற்றிப் பேசலாம் என்ற பழக்கத்தை அந்த அறிவிப்பு உண்டாக்கியது. 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்காகக் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதுவும் வெளியார் கண்ணுக்கு வெறும் வறண்ட மலைக்காடுதான். 2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரக்கோயில் காடு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. ஏறக்குறைய 12 ஏக்கர்தான். சின்னக் காடு என்று யாரும் ஒதுக்கவில்லை. இலுப்பூர் வட்டாரத்துக் கோயில் காடுகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஊராட்சி கேட்க வேண்டும்.

வீட்டளவிலும் செய்ய முடியும். தோட்டத்து வேலியில் இரண்டு, மூன்று ஈஸ்வரமூலிக் கொடிகளை விட்டுவைத்தால் போதும். அழகி தானாகத் தேடி வரும். குழந்தைகள், ஆடு மாடுகள் வாய் வைக்காத இடமாகப் பார்த்து விட வேண்டும். நர்சரியில் பூவின் அழகுக்காக விற்கப்படும் அயல்நாட்டுச் சாதிகளை மட்டும் வாங்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அப்படிப்பட்ட ஒரு தென்னமெரிக்கக் கொடியில் ஏமாந்துபோய் அங்குள்ள ரிச்மண்ட் பேர்ட்விங் பட்டாம்பூச்சி முட்டையிட, பொரித்த புழுக்கள் இலையைத் தின்றே செத்தன. அந்தந்த மண்ணின் புழுவுக்கு அந்தந்த மண்ணின் இலைதான்.

போக நினைப்பவர்களுக்கு...

பார்க்க நல்ல காலம் கார்த்திகையிலிருந்து தை வரை. காலை ஏழரை முதல் பத்தரை மணிக்குள் போய்விடுங்கள். பாறை சூடேறிவிட்டால் உங்களாலும் நிற்க முடியாது. பூச்சிகளும் நிழலுக்குள் போய்விடும்.

திருச்சியிலிருந்து வருபவர்கள் விராலிமலை வழியாக இலுப்பூர் வரலாம். புதுக்கோட்டையிலிருந்து வருபவர்களுக்கு அன்னவாசல் வழி. காலையில் நார்த்தாமலை அடிவாரம், பிறகு சித்தன்னவாசல் ஓவியங்கள், மாலையில் குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். குடும்பத்தோடு போகிறவர்கள் திரும்பும் வழியில் திருச்சி ஸ்ரீரங்கம் அருகே 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுமார் 25 ஏக்கரில், புழு தின்னும் செடிகளையும் பூச்செடிகளையும் திட்டமிட்டு வளர்த்திருக்கிறார்கள். அங்கே பார்த்துப் பழகிய செடியை இலுப்பூர் வேலியோரத்தில் அடையாளம் கண்டுபிடிப்பது தனி சந்தோஷம்.

குடிக்கத் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, நல்ல செருப்பு. மழைக்குப் பிந்தைய புதரில் பாம்பு இருக்கும். கால் வைக்கும் முன் பாருங்கள். முட்டையையும் புழுவையும் தொட வேண்டாம், இலையைக் கிள்ள வேண்டாம். எடுத்த படத்தை ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலியில் இடமும் தேதியும் சேர்த்துப் பதிந்துவிடுங்கள். 2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தைப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு மாதமாக நாடு முழுவதும் ஆர்வலர்கள் கொண்டாடுகிறார்கள். இலுப்பூர் போன்ற ஊர்களிலிருந்து போகும் ஒவ்வொரு படமும் அதில் அரிய பதிவு.

பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் பட்டாம்பூச்சியைத் தேடச் சொல்லாதீர்கள். ஆடு மேய்க்கும் யாரிடமாவது, “ஆடுதின்னாப்பாளை எங்கே இருக்கு?” என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் கை காட்டும் இடத்தில் குனிந்து இலையைத் திருப்பாமல் ஓரமாகப் பார்த்தால், ஆரஞ்சு முளைகளோடு ஒரு கறுப்புப் புழு அசைபோட்டுக்கொண்டிருக்கக்கூடும்.